சுருக்கிய விடை தவறும்போது: இருபடிக் கோவைகள் கொண்ட பின்னங்களில் பிழை தேடும் முறை

விகிதமுறு கோவையை, அதாவது தொகுதியும் பகுதியும் பல்லுறுப்புக் கோவைகளாக உள்ள பின்னத்தை, சுருக்குவதில் இரண்டே வேலைகள் உள்ளன. முதலில் தொகுதியையும் பகுதியையும் காரணிப்படுத்த வேண்டும். பிறகு இரண்டுக்கும் பொதுவான காரணியை நீக்க வேண்டும். விடை தவறாக வந்தால் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வேலையையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள், ஏனெனில் கோடு போட்டு அடித்த இடம்தான் தாளில் எடுப்பாகத் தெரிகிறது. ஆனால் அடித்தலில் தெரியவரும் பிழைகளில் பல, அதற்கு முந்தைய வரியில், இருபடிக் கோவையைக் காரணிகளாகப் பிரித்தபோதே உண்டானவை. எனவே இவ்வழிமுறை, விடை எவ்வகையில் தவறியிருக்கிறது என்ற அறிகுறியில் தொடங்கி, அதற்குக் காரணமான வரியைத் தேடிப் பின்னோக்கிச் செல்கிறது.

கீழே பின்னங்கள் சாய்கோடு இட்டு எழுதப்பட்டுள்ளன. சாய்கோட்டுக்கு இடப்புறம் தொகுதி, வலப்புறம் பகுதி.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும், தேடலைத் தொடங்கும் முன் x-க்கு 10 என்ற மதிப்பை இட்டு ஒவ்வொரு வரியின் மதிப்பையும் கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சுருக்குதலின் ஒவ்வொரு படியும் கோவையின் வடிவத்தை மாற்றுகிறதே தவிர மதிப்பை மாற்றுவதில்லை. ஆகவே எல்லா வரிகளுக்கும் ஒரே மதிப்பு வர வேண்டும். மதிப்பு எந்த வரியில் முதன்முதலாக மாறுகிறதோ, அந்த வரிக்கும் அதற்கு முந்தைய வரிக்கும் இடையில்தான் பிழை இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, (x² + 5x + 6) / (x² + 3x + 2) என்ற கோவையில் 10-ஐ இட்டால் 156 / 132 கிடைக்கிறது. காரணிப்படுத்திய வரி (x + 2)(x + 3) / (x + 1)(x + 2). அதில் 10-ஐ இட்டால் 12 × 13 / 11 × 12. சுருக்கிய விடை (x + 3) / (x + 1). அதன் மதிப்பு 13 / 11. மூன்றும் ஒன்றே. கெழுக்கள் சிறிய மிகை எண்களாக இருக்கும்போது, 10-ஐ இடுவதற்குக் கணக்கீடே தேவைப்படுவதில்லை. 1, 5, 6 என்ற கெழுக்கள் அப்படியே 156 ஆகிவிடுகின்றன. இதனால்தான் மற்ற எண்களைவிட 10-ஐப் பரிந்துரைக்கிறேன். பகுதி x² − 100 போல அமைந்து 10-இல் பூச்சியமாகிவிட்டால் மட்டும் 7 போன்ற வேறோர் எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

எளிது என்பதற்காக 0-ஐயோ 1-ஐயோ இட்டுப் பார்ப்பது போதாது. 0-ஐ இட்டால் மாறிலிகள் மட்டுமே மிஞ்சும். நடு உறுப்பில் உள்ள எந்தப் பிழையும் வெளியே வராது. 1-ஐ இட்டால் x, x², x³ அனைத்தும் 1 ஆகிவிடுவதால், அடுக்கில் செய்த பிழை மறைந்துகொள்ளும்.

சோதனையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 10-ஐ இட்டபோது கிடைக்கும் எண்களுக்குப் பொதுவான வகுத்தி இருப்பதால் கோவைகளுக்கும் பொதுக் காரணி இருக்கும் என்று கொள்ளக் கூடாது. (x + 2) / (x + 4) என்பதில் 12 / 14 வருகிறது. 12-க்கும் 14-க்கும் 2 பொதுவானது, ஆனால் x + 2, x + 4 ஆகியவற்றுக்குப் பொதுக் காரணி எதுவும் இல்லை. மதிப்பு மாறாமல் இருக்கிறதா என்பதைப் பார்க்கவே இச்சோதனை பயன்படும்.

அறிகுறி: x²-ஐ x²-உடன் அடித்த பின் வந்த விடை ஒத்துப்போகவில்லை

மேலே உள்ள அதே கோவையில் மேலும் கீழும் இருக்கும் x²-ஐ அடித்துவிட்டு (5x + 6) / (3x + 2) என்று எழுதினால், 10-இல் அதன் மதிப்பு 56 / 32, அதாவது 7 / 4. மூலக் கோவையின் மதிப்பு 13 / 11. பிழை உறுதியாகிவிட்டது.

காரணம் இதுதான்: x² இங்கே ஓர் உறுப்பு, காரணி அன்று. கூட்டல் அல்லது கழித்தல் குறியால் இணைக்கப்பட்டவை உறுப்புகள். பெருக்கலால் இணைக்கப்பட்டவை காரணிகள். தொகுதியையும் பகுதியையும் ஒரே கோவையால் வகுத்தால் பின்னத்தின் மதிப்பு மாறாது என்பது மட்டுமே அடித்தலுக்குள்ள ஆதாரம்; ஓர் உறுப்பை நீக்குவது வகுத்தல் அன்று, கழித்தல். தொகுதி முழுவதும் ஒரே பெருக்கலாகவும், பகுதி முழுவதும் ஒரே பெருக்கலாகவும் எழுதப்படும் வரை எதையும் அடிக்கக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாடு இப்பிழையை முற்றிலுமாக நீக்கிவிடும். சுருக்கிய பிறகு கிடைக்கும் (x + 3) / (x + 1) போன்ற விடையில் மீண்டும் x-ஐ அடித்து 3 என்று எழுதுவதும் இதே பிழைதான். நல்ல முறையில் காரணிப்படுத்திய மாணவர்கள்கூடக் கடைசி வரியில் இதைச் செய்துவிடுகிறார்கள்.

அறிகுறி: அழகாக அடிபட்டது, ஆனால் விடை தவறு

எல்லாப் பிழைகளிலும் இதுவே அதிகம் ஏமாற்றக்கூடியது. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். (x² − 5x − 14) / (x² − 4) என்ற கோவையை ஒரு மாணவர் இவ்வாறு செய்திருப்பதாகக் கொள்வோம்:

(x + 7)(x − 2) / (x − 2)(x + 2) = (x + 7) / (x + 2)

x − 2 இரண்டிலும் இருக்கிறது, முறையாக அடிபட்டிருக்கிறது, விடையும் எளிய தோற்றத்துடன் இருக்கிறது. காரணி அடிபட்டதையே சரியாகச் செய்ததற்கான சான்றாக எடுத்துக்கொண்டு மாணவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். இப்போது 10-ஐ இட்டுப் பார்த்தால், மூலக் கோவையின் மதிப்பு 36 / 96, அதாவது 3 / 8. இரண்டாம் வரியின் மதிப்பு 17 × 8 / 8 × 12, அதாவது 17 / 12. மூன்றாம் வரியின் மதிப்பும் 17 / 12. மதிப்பு முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் மாறியிருக்கிறது; இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் மாறவில்லை. ஆகவே அடித்தலில் குற்றமே இல்லை, காரணிப்படுத்தியதில்தான் பிழை. தொகுதியின் சரியான காரணிகள் (x − 7)(x + 2); 10-இல் 3 × 12 = 36 என்று பொருந்துகிறது. அடிபட வேண்டியது x + 2. விடை (x − 7) / (x − 2). மதிப்பு 3 / 8.

இக்குறிப்பிழைக்கு இரண்டு வேர்கள் உண்டு. பெருக்கற்பலன் −14 வரக்கூடிய எண் இணையைத் தேடும்போது, 7, 2 என்ற எண்கள் கிடைத்தவுடன் அவற்றின் குறிகளைத் தீர்மானிக்காமல் விடுவது ஒன்று. மாறிலி குறை எண்ணாக இருந்தால் இரு எண்களுக்கும் எதிரெதிர்க் குறிகள். அவற்றுள் பெரிய எண் நடு உறுப்பின் குறியை எடுத்துக்கொள்ளும். இங்கே நடு உறுப்பு −5x என்பதால் 7-க்குத்தான் கழித்தல் குறி. மாறிலி மிகை எண்ணாக இருந்தால் இரு எண்களுக்கும் ஒரே குறி; அது நடு உறுப்பின் குறியே.

மற்றொன்று, மூலத்தையும் (கோவையைப் பூச்சியமாக்கும் x-இன் மதிப்பு) காரணியையும் மாற்றிக்கொள்வது. சூத்திரத்தைக் கொண்டோ கணிப்பானில் சமன்பாட்டைத் தீர்த்தோ 7, −2 என்ற மூலங்களைக் கண்டவர், அவற்றை அப்படியே அடைப்புக்குறிக்குள் எழுதி (x + 7)(x − 2) என்று முடித்துவிடுகிறார். 7 மூலம் என்றால் x = 7-இல் கோவை பூச்சியமாக வேண்டும்; அவ்வாறு பூச்சியமாகும் காரணி x − 7. எழுதிய ஒவ்வொரு காரணியையும் பூச்சியமாக்கும் எண்ணை மூலக் கோவையில் இட்டுப் பார்த்தால் இக்குழப்பம் உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: விடை இரண்டு மடங்கு, பாதி, அல்லது ஏதோ ஓர் எண் மடங்கு விலகியிருக்கிறது

10-ஐ இட்டபோது வந்த இரு மதிப்புகளில் ஒன்று மற்றொன்றின் சரியான 2 மடங்காகவோ 3 மடங்காகவோ இருந்தால், ஓர் எண் காரணி வழியில் தொலைந்துபோயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். x²-இன் கெழு 1 அல்லாத கோவைகளில் இது நேர்கிறது.

வகுப்பறைகளில் பரவலாகச் சொல்லித்தரப்படும் பெருக்கல் குறி முறையை எடுத்துக்கொள்வோம். 6x² + x − 12-க்கு, x²-இன் கெழுவையும் மாறிலியையும் பெருக்கி −72 என்று மேலே எழுதி, நடுக் கெழுவான 1-ஐக் கீழே எழுதி, பெருக்கினால் −72-உம் கூட்டினால் 1-உம் தரும் 9, −8 ஆகியவற்றை இரு பக்கங்களிலும் எழுதுகிறோம். பிறகு இரண்டையும் 6-ஆல் வகுத்தால் 9/6 = 3/2 என்றும் −8/6 = −4/3 என்றும் ஆகின்றன; காரணிகள் (2x + 3)(3x − 4). 10-இல் 23 × 26 = 598; மூலக் கோவையும் 600 + 10 − 12 = 598. முறை சரியாக வேலை செய்கிறது. 6-ஆல் வகுக்க மறந்து (x + 9)(x − 8) என்று எழுதுவோர் உண்டு. அப்போது முதல் உறுப்பு 6x²-க்குப் பதிலாக x² என்று வருவதைப் பார்த்தாலே பிழை புலப்படும்.

இதே முறையை 4x² + 10x + 4-இல் பயன்படுத்தினால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பெருக்கற்பலன் 16, கூடுதல் 10. எண்கள் 8, 2. 4-ஆல் வகுத்தால் 2, 1/2. காரணிகள் (x + 2)(2x + 1). ஆனால் இவற்றைப் பெருக்கினால் 2x² + 5x + 2 தான் கிடைக்கிறது. மூன்று கெழுக்களுக்கும் பொதுவான 2 காணாமல் போய்விட்டது. முறையின்படி எதுவும் தவறவில்லை, ஆனாலும் விடை தவறுகிறது. ஏனெனில் கெழுக்களுக்குப் பொது எண் எதுவும் இல்லாத கோவைக்குத்தான் இச்சுருக்க வழி அப்படியே பொருந்தும். இதனால் (4x² + 10x + 4) / (x² + 5x + 6) என்ற கோவைக்கு (2x + 1) / (x + 3) என்ற விடை வந்துவிடுகிறது. மதிப்பு 21 / 13. மூலக் கோவையின் மதிப்பு 504 / 156, அதாவது 42 / 13. சரியான விடை 2(2x + 1) / (x + 3).

தீர்வு, பெருக்கல் குறியைப் போடுவதற்கு முன்பே கெழுக்களின் மீப்பெரு பொது வகுத்தியை வெளியே எடுத்துவிடுவது. மூலங்களிலிருந்து காரணிகளை எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும்: 2x² + 7x + 3-இன் மூலங்கள் −3, −1/2 என்பதால் (x + 3)(x + 1/2) என்று எழுதினால், முன்னால் இருக்க வேண்டிய 2 விடுபட்டுவிடும். நடு உறுப்பைப் பிரித்து எழுதி, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பொதுவானதை வெளியே எடுக்கும் நீண்ட வழியில் எண் காரணி தொலைவதில்லை. வேகம் குறைவாக இருந்தாலும், கெழுக்கள் பெரிதாக உள்ள கணக்குகளில் நான் அதையே விரும்புகிறேன்.

அறிகுறி: அளவு சரி, குறி மட்டும் தலைகீழ்

(9 − x²) / (x² − x − 6) = (3 − x)(3 + x) / (x − 3)(x + 2). இங்கே 3 − x-ஐயும் x − 3-ஐயும் ஒன்றாகக் கருதி அடித்தால் (x + 3) / (x + 2) வரும். மதிப்பு 13 / 12. மூலக் கோவையின் மதிப்பு −91 / 84, அதாவது −13 / 12. கூட்டலில் வரிசை மாறினால் எதுவும் மாறாது. கழித்தலில் வரிசை மாறினால் குறி மாறும். ஆகவே (3 − x) / (x − 3) என்பது 1 அன்று, −1. விடை −(x + 3) / (x + 2).

காரணிப்படுத்தும் முன் ஒவ்வொரு கோவையையும் அடுக்கு இறங்குவரிசையில் எழுதி, முதல் கெழு குறை எண்ணாக இருந்தால் −1-ஐ வெளியே எடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது: 9 − x² = −(x² − 9) = −(x − 3)(x + 3). வெளியே நிற்கும் கழித்தல் குறி தொகுதி முழுவதற்கும் உரியது. அதை உள்ளே கொண்டுபோகும்போது −x − 3 என்று ஆகுமே தவிர −x + 3 என்று ஆகாது.

அறிகுறி: எதுவும் அடிபடவில்லை

சுருக்குக என்று கேட்ட கணக்கில் பொதுக் காரணி எதுவும் தென்படாவிட்டால், காரணிப்படுத்தியதில் பிழை இருக்கலாம், அல்லது கோவை ஏற்கெனவே எளிய வடிவில் இருக்கலாம். எது உண்மை என்பதை ஊகிக்கத் தேவையில்லை; தீர்மானிக்க வழி உண்டு.

தொகுதி, பகுதி ஆகிய இரண்டில் எளிதாகப் பிரியக்கூடியதை முதலில் காரணிப்படுத்தி, அதன் மூலங்களை மற்றொன்றில் இட்டுப் பார்க்க வேண்டும். (2x² + 7x + 3) / (x² − 9) என்பதில் பகுதியின் மூலங்கள் 3, −3. தொகுதியில் 3-ஐ இட்டால் 42; −3-ஐ இட்டால் 18 − 21 + 3 = 0. ஆகவே x + 3 தொகுதிக்கும் காரணியாக இருந்தே தீர வேண்டும். 2x² + 7x + 3-ஐ x + 3-ஆல் வகுத்தால் 2x + 1 கிடைக்கிறது. விடை (2x + 1) / (x − 3). 10-இல் 273 / 91 = 3; 21 / 7 = 3.

இரண்டுமே பிரிக்கக் கடினமாக இருந்தால், பல்லுறுப்புக் கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தியை வகுத்தல் முறையில் காணும்போது பயன்படும் கருத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம்: இரு கோவைகளுக்கும் பொதுவான காரணி, அவற்றின் வித்தியாசத்துக்கும் காரணியாகும். (6x² + x − 12) / (6x² − 23x + 20) என்ற கோவையைப் பார்த்தவுடன் பலர் தயங்குவார்கள். ஆனால் தொகுதியிலிருந்து பகுதியைக் கழித்தால் 24x − 32, அதாவது 8(3x − 4). பொதுவான ஒருபடிக் காரணி ஒன்று இருந்தால் அது 3x − 4 ஆகத்தான் இருக்க முடியும். தொகுதி (3x − 4)(2x + 3), பகுதி (3x − 4)(2x − 5). விடை (2x + 3) / (2x − 5). மதிப்பு 598 / 390-உம் 23 / 15-உம் ஒன்றே. x²-இன் கெழுக்கள் வெவ்வேறாக இருந்தால், தகுந்த எண்களால் பெருக்கிச் சமமாக்கிய பின் கழிக்க வேண்டும். இவ்வழியின் சிறப்பு, அது எதிர்மறையான விடையையும் உறுதியாகத் தருவதே: (x² + 5x + 6) / (x² + 4x + 5) என்பதில் வித்தியாசம் x + 1, −1-ஐத் தொகுதியில் இட்டால் 2 வருகிறது, பூச்சியம் வரவில்லை, எனவே பொதுக் காரணி இல்லை, கோவை எளிய வடிவிலேயே உள்ளது என்று எழுதி முடிக்கலாம்.

முழு எண் கெழுக்கள் கொண்ட இருபடிக் கோவை விகிதமுறு கெழுக்களுடைய காரணிகளாகப் பிரிய வேண்டுமானால் அதன் தன்மைகாட்டி (ax² + bx + c-க்கு b² − 4ac) முழு வர்க்க எண்ணாக இருக்க வேண்டும். 6x² + x − 12-க்கு அது 1 + 288 = 289, அதாவது 17². x² + 3x + 6-க்கு 9 − 24 = −15; இது பிரியாது. ஆனால் பிரியாத கோவையில் எதையும் நீக்க முடியாது என்று கருதிவிடக் கூடாது: (2x² + 6x + 12) / (x² + 3x + 6) என்பதன் விடை 2.

அறிகுறி: எல்லாம் அடிபட்டு 0 வந்தது

(x + 2) / (x + 2)(x + 5) என்பதில் தொகுதி முழுவதும் அடிபட்டால் அங்கே மிஞ்சுவது 1, 0 அன்று. விடை 1 / (x + 5). தொகுதியில் எதுவும் எழுதாமல் விட்டு x + 5 என்று முடிப்பதும் தவறே.

அறிகுறி: கழித்த பிறகு தொகுதி காரணிப்படவில்லை

(2x² + x) / (x² − 9) − (x² + 2x + 6) / (x² − 9) என்ற கணக்கில் x² + 3x + 6 என்ற தொகுதி வந்து, அது பிரியவில்லை என்று நின்றுவிட்டால், கழித்தல் குறி முதல் உறுப்பை மட்டுமே மாற்றியிருக்கிறது. இரண்டாம் தொகுதியை அடைப்புக்குறிக்குள் வைத்துக் கழித்தால் x² − x − 6 = (x − 3)(x + 2) வரும்; விடை (x + 2) / (x + 3). 10-இல் 210 / 91 − 126 / 91 = 84 / 91 = 12 / 13.

அறிகுறி: சோதனை ஒத்துப்போகிறது, விலக்கப்பட்ட மதிப்புகள் ஒத்துப்போகவில்லை

(x² + 5x + 6) / (x² + 3x + 2) என்ற மூலக் கோவை −1-இலும் −2-இலும் பகுதி பூச்சியமாவதால் வரையறுக்கப்படவில்லை; இவையே அதன் விலக்கப்பட்ட மதிப்புகள். சுருக்கிய (x + 3) / (x + 1) என்பதோ −1-இல் மட்டுமே வரையறுக்கப்படவில்லை. −2-இல் அதன் மதிப்பு −1. அடிபட்ட காரணியோடு ஒரு நிபந்தனையும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. மூலக் கோவைக்கும் சுருக்கிய கோவைக்கும் இடையிலான சமம், x = −2 தவிர்த்த மற்ற இடங்களில்தான் உண்மை. எளிய வடிவின் பகுதியைக் கொண்டே விலக்கப்பட்ட மதிப்பை வரையறுக்கும் பாடநூல்களும் உண்டு. தேர்வில் பாடநூலின் வரையறையையே பின்பற்ற வேண்டும். ஆனால் சமன்பாடுகளைத் தீர்க்கும்போதும் வரைபடம் வரையும்போதும், காரணிப்படுத்திய பகுதி முழுவதையும் பார்த்து, அடிப்பதற்கு முன்பே இந்த மதிப்புகளை எழுதிவைப்பதுதான் பாதுகாப்பானது.

அறிகுறி: விடைப் பக்கத்தில் உள்ள விடை வேறு தோற்றத்தில் இருக்கிறது

−(x + 3) / (x + 2), (−x − 3) / (x + 2), (x + 3) / (−x − 2) ஆகிய மூன்றும் ஒரே விடைதான். ஐயம் இருந்தால் குறுக்குப் பெருக்கல் செய்து பார்க்கலாம்: (−x − 3)(−x − 2)-உம் (x + 3)(x + 2)-உம் x² + 5x + 6 என்றே விரிகின்றன. எண்களைக் கொண்டே உறுதி செய்ய விரும்புவோர், எத்தனை எண்கள் போதும் என்பதையும் அறிந்துகொள்ளலாம். இருபடிக் கோவைகளாலான ஒரு பின்னத்தையும் ஒருபடிக் கோவைகளாலான ஒரு பின்னத்தையும் குறுக்கே பெருக்கிக் கழித்தால் வரும் கோவையின் படி மூன்றுக்கு மேல் போகாது. பூச்சியமல்லாத முப்படிக் கோவைக்கு மூன்று மூலங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே பகுதிகள் பூச்சியமாகாத வெவ்வேறு நான்கு எண்களில் இரு விடைகளும் ஒத்துப்போனால், அவை முற்றொருமையாகச் சமம் என்பது நிறுவப்பட்டுவிடுகிறது.